முதல் ஆள் சொல்லும் விலை

சென் வெய்குவாங் துபாயில் சத்வாவுக்கு வந்தபோது அவரிடம் இருந்தது ஒரு டிராலிப் பெட்டி. அதற்குள் ஜிப், பொத்தான், எலாஸ்டிக், லேஸ். அவர் ஊர் சீனாவில் வென்ஜோவுக்குப் பக்கம். அங்கே வீட்டுக்கு வீடு பொத்தான் செய்வார்கள் என்று சொல்வார். இப்போது அவருக்கு ஷார்ஜாவில் இரண்டு கோடவுன், தேராவில் மொத்த வியாபாரக் கடை, சத்வாவில் அவர் முதன்முதலில் திறந்த பழைய கடை. நான் அவரிடம் கணக்கு எழுதுகிறவன். பெட்டிக்கும் கோடவுனுக்கும் நடுவில் நடந்ததில் பாதி நான் பார்த்தது, பாதி அம்மையப்பன் அண்ணன் சொன்னது. முதலில் அண்ணன் சொன்னதைச் சொல்லிவிடுகிறேன்.

அம்மையப்பன் அருப்புக்கோட்டைக்காரர். துபாயில் மெட்ரோ ஓடத் தொடங்காத காலத்தில், சத்வாவில் ஒரு லேடீஸ் டெய்லர் கடையில் கட்டிங் மாஸ்டராக இருந்தார். காலையில் கடையைத் திறந்ததும் நடக்கும் முதல் வியாபாரத்துக்குப் போணி என்று பெயர். அது ஆகும் முன் கல்லாவிலிருந்து காசு வெளியே போகக்கூடாது என்பது நம் கடைக்காரர்கள் எல்லோருக்கும் உள்ள வழக்கம். கடை துபாயில் இருந்தால் வழக்கம் மாறிவிடுமா?

சென் ஒரு நாள் காலையில் அந்தக் கடைக்குள் வந்து பெட்டியைத் திறந்தார். அம்மையப்பன், "போணி ஆகலை, பெறகு வா," என்று கையை ஆட்டி அனுப்பினார். தாமதமாக வந்ததால்தான் விரட்டுகிறார்கள், வேறு யாரோ தனக்கு முன்னால் விற்றுவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று சென் நினைத்துக்கொண்டார். அதனால் மறுநாள் இன்னும் சீக்கிரம் வந்தார். அதற்கு மறுநாள் ஷட்டர் பாதி ஏறும்போதே பெட்டியோடு நின்றார்.

"வெளக்கு வைக்குமுன்ன வந்து நிக்கானே, இவனுக்கு இந்தச் சத்வாவுல வேற கடையே கெடைக்கலையா?" என்று அம்மையப்பன் சத்தம் போட்டார். சென்னுக்கு வார்த்தை புரியவில்லை. சத்தம் புரிந்தது.

வேறு ஆளாக இருந்தால் அடுத்த தெருவுக்குப் போயிருப்பான். சென் எதிர்ப்பக்கத்து காஃபிடீரியாவில் ஒரு டீயை வாங்கிக்கொண்டு உட்கார்ந்து அந்தக் கடையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பிலிப்பினோ பெண் தைத்த துணியை வாங்க வந்தாள். காசு கொடுத்தாள். அம்மையப்பன் அந்த நோட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கல்லாவில் போட்டார். அதன் பிறகே டீக்குக் காசு போனது, நூல்காரனுக்குக் காசு போனது. இரண்டு மூன்று காலை இதையே பார்த்தபின், காஃபிடீரியாவில் பாத்திரம் கழுவும் மலையாளியிடம் சைகையில் கேட்டு அந்த வார்த்தையையும் தெரிந்துகொண்டார்.

மறுநாள் அவர் பெட்டியை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போனார். பேண்ட்டின் அடிமடிப்பு பிரிந்து தொங்கியது. அவரே பிரித்துவிட்டது. தைத்துக் கொடுக்கச் சொல்லிக் காசைக் கொடுத்தார். அம்மையப்பன் நோட்டைக் கண்ணில் ஒற்றிக் கல்லாவில் போட்டதும், சென் வெளியே போய்ப் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தார்.

"போணி ஹோ கயா?" என்றார், ஆகிவிட்டதா என்று.

அம்மையப்பனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகு ஒன்றும் வாங்காமல் எப்படி அனுப்புவது? இரண்டு டஜன் ஜிப் வாங்கினார்.

அந்த வருஷம் சென்னின் ஒரே பேண்ட் சத்வாவில் எல்லா டெய்லர் கடையிலும் தைக்கப்பட்டது என்று அண்ணன் சொல்வார். காலையில் ஒரு கடையில் போணி கொடுப்பார், அங்கே விற்பார், அடுத்த நாள் அடுத்த கடை. மற்ற சில்லறை வியாபாரிகள் கடைக்காரன் கை காட்டும்வரை வெயிலில் நின்றார்கள்.

இனி நான் பார்த்தது.

நான் சாத்தூரிலிருந்து வந்து சேர்ந்தபோது சென்னுக்கு சத்வாவில் சொந்தக் கடை இருந்தது. அம்மையப்பன் கத்தரிக்கோலை விட்டுவிட்டு அவரிடம் சேல்ஸ்மேனாகச் சேர்ந்திருந்தார். கடையில் சாமி படத்துக்குப் பக்கத்தில் சென் ஊரிலிருந்து கொண்டுவந்த ஒரு சிவப்புத் தாள் ஒட்டியிருக்கும். அம்மையப்பன் இரண்டுக்கும் சேர்த்தே ஊதுபத்தி காட்டுவார். முதல் நோட்டை அவர் கண்ணில் ஒற்றிக் கொடுக்க, சென் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு தானும் ஒற்றிக்கொள்வார். யார் பார்த்தாலும் அவருக்குக் கூச்சம் கிடையாது.

கடை திறந்த புதிதில் அம்மையப்பன் அவருக்குச் சொல்லிக் கொடுத்தது இவ்வளவுதான்: முதலில் வருகிற ஆளை வெறுங்கையோடு அனுப்பக்கூடாது, அவன் கேட்கிற விலைக்குக் கொடுத்துவிட வேண்டும். ஊரில் இதற்கு என்ன அர்த்தம் என்று நமக்குத் தெரியும். ஒரு முழம் நாடாவுக்கு ஒரு ரூபாய் குறைத்துக் கொடுப்பது. சென் அதைச் சட்டமாக எடுத்துக்கொண்டார். முதல் ஆள் சொல்வதுதான் விலை. பொருள் எதுவாக இருந்தாலும் சரி, எவ்வளவாக இருந்தாலும் சரி.

இது தெருவில் பரவியது. காலையில் ஷட்டர் ஏறும் முன்பே டெய்லர்கள் வந்து நின்றார்கள். முதல் ஆளாக ஒருவன்தானே இருக்க முடியும்? பின்னால் நின்றவர்கள் வந்தது வந்தோம் என்று சாதாரண விலைக்கு வாங்கிக்கொண்டு போனார்கள். மற்ற கடைகள் திறப்பதற்குள் எங்களுக்குப் பாதி வியாபாரம் முடிந்துவிடும். போணியில் போனது கொஞ்சம், வந்தது நிறைய. அதிலிருந்துதான் தேரா கடை வந்தது, பிறகு முதல் கோடவுன்.

கடையில் இன்னொரு சேல்ஸ்மேன் சுஜந்தன், யாழ்ப்பாணத்துக்காரர். அவருக்கு இந்தப் போணி பிடிக்காது.

"அண்ணை, ஊரில நாங்கள் கைவிசேஷம் எண்டு வருசத்தில ஒருக்காத்தான் காசு குடுப்பம். இந்த மனுசன் நாள் தவறாமல் குடுக்குது. ஒருநாளைக்கு எவனாவது வந்து கடையையே கேக்கப் போறான், பாருங்கோ."

"கேட்டாக் குடுத்துருவோம்யா. ஒன்னையும் சேத்துத்தான்," என்பார் அம்மையப்பன்.

ஒரே ஒருமுறை சென் போணியை மறுத்தார். தேரா கடையில், முதலில் வந்த ஆள் கேட்ட விலை மிகவும் குறைவு என்று அனுப்பிவிட்டார். அந்த வாரமே வரவேண்டிய கண்டெய்னர் துறைமுகத்தில் மாட்டிக்கொண்டது, சீசன் போய்விட்டது. அதன் பிறகு அவர் மறுத்ததே இல்லை. தன்னைப் பணக்காரனாக்கிய இயந்திரத்தில் எந்த ஆணி முக்கியம் என்று அவருக்குத் தெரியாது. அதனால் ஒன்றையும் கழற்ற மாட்டார். இரண்டு கோடவுன் வந்த பிறகும் காலையில் காரை எடுத்துக்கொண்டு சத்வாவுக்கு வந்து, போணி முடிந்த பிறகுதான் மற்ற இடங்களுக்குப் போவார்.

போன வருஷம் சென்னின் அண்ணன் மகன் லியாங் ஊரிலிருந்து வந்தான். நல்ல பையன். எல்லோருக்கும் வணக்கம் சொல்வான், கடையில் எந்தப் பொருளை எடுத்தாலும் போனில் படம் பிடித்துக்கொள்வான். சத்வா கடையை இனி யாராவது ஒருவர் பெயருக்கே மாற்றிவிடப் போவதாக சென் சொன்னார். அவருக்கு வயதாகிறது, சில்லறை வியாபாரத்துக்கு நேரமில்லை. ஒன்று லியாங், அல்லது அம்மையப்பன். சீனப் புத்தாண்டுக்குச் சொல்கிறேன் என்றார்.

அம்மையப்பனுக்கு இது சின்ன விஷயமில்லை. கடை லியாங்குக்குப் போனால் அண்ணனுக்கு விசா கேன்சல். அறுபதை நெருங்குகிற சேல்ஸ்மேனுக்கு வேறு எவன் விசா கொடுப்பான்? கடை கிடைத்தால் சொந்த லைசன்ஸ், முதலாளி விசா, மனைவி நாகவள்ளியையும் கூட்டி வரலாம். அந்த அம்மா இருபது வருஷத்துக்கு மேலாகப் போனில்தான் குடும்பம் நடத்துகிறார்.

"ஊருக்குப் போயி நான் என்ன செய்ய, ஐயப்பா?" என்று என்னிடம் கேட்டார். "எனக்குத் தெரிஞ்சது லேசும் பொத்தானும். அதை யார்ட்டப் போயி விக்க?"

இந்தச் சமயத்தில்தான் அன்பரசன் வந்து சேர்ந்தார்.

அன்பரசனுக்குப் பட்டுக்கோட்டைப் பக்கம். குவைத்தில் அப்பாசியாவில் மூன்று கடை வைத்திருக்கிறார். சுடிதார் துணி, லேஸ், வளையல். நோன்புக்கு முன்னால் வருஷத்துக்கு ஒருமுறை துபாய்க்கு வந்து எங்களிடம் சரக்கு எடுப்பார், முப்பது நாள் தவணையில் பணம் அனுப்புவார். கறாரான ஆள், ஆனால் சிரித்துக்கொண்டே இருப்பார். சாயங்காலம் அவரைக் காஃபிடீரியாவுக்கு அழைத்துப் போனோம், அம்மையப்பனும் சுஜந்தனும் நானும். அங்கே அண்ணனுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. முதலாளியின் பெருமை பேசினால் அதில் தன் பெருமையும் கொஞ்சம் வரும் அல்லவா?

"எங்க முதலாளி மாதிரி ஒரு ஆளை நீங்க பாத்திருக்க மாட்டீக. காலையில மொத ஆளு என்ன வெலை சொன்னாலும் குடுத்துருவாரு. நான் சொல்லிக் குடுத்ததுதான்."

"என்ன விலை சொன்னாலுமா?"

"என்ன வெலை சொன்னாலும்."

"எவ்வளவு சரக்குக்கு?"

"அதுக்கெல்லாம் அளவு கெடையாதுண்ணே. மனுசன் அப்படி."

சுஜந்தன் மேசைக்கு அடியில் அண்ணனின் காலை மிதித்தார். அண்ணன் காலை நகர்த்திக்கொண்டு இன்னொரு சம்சா எடுத்தார். அன்பரசன் பேச்சை மாற்றி, குவைத்தில் வாடகை ஏறிவிட்டதைப் பற்றிப் பேசினார். டீக்கு அவரே காசு கொடுத்தார். அப்போதே நாங்கள் யோசித்திருக்க வேண்டும்.

மறுநாள் காலை நாங்கள் போனபோது ஷட்டருக்கு முன்னால் அன்பரசன் நின்றுகொண்டிருந்தார். குளித்து, திருநீறு பூசி, இஸ்திரி போட்ட சட்டை. அவருக்குப் பின்னால் பெஷாவர் டெய்லர் அஹ்சன். வழக்கமாக முதலில் வருகிற ஆள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். சென் வந்து கல்லாவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். லியாங் அலமாரி ஓரம் நின்றான். அம்மையப்பன் ஊதுபத்தியைப் பற்றவைத்தார்.

"போணி நான்தானே அம்மையப்பா?" என்றார் அன்பரசன்.

"நீங்கதாண்ணே. சந்தோசம். என்ன வேணும்?"

"ஷார்ஜா கோடவுன்ல ஈத் சீசனுக்கு வந்த கல் லேஸ் இருக்குல்ல?"

"இருக்குண்ணே."

"அது மொத்தமும் எனக்கு. நீங்க போட்டிருக்கிற விலையில பாதி."

அம்மையப்பனின் கை படத்துக்கு முன்னால் அப்படியே நின்றது. அந்த லேஸ் ஒரு கண்டெய்னர் முழுவதும். நோன்பு மாதத்தில் அபாயா தைக்கிறவர்களும் சுடிதார் தைக்கிறவர்களும் அதைத்தான் கேட்பார்கள். அதில் வரும் லாபம்தான் சத்வா கடையின் வருஷ வாடகை. பாதி விலை என்றால் லாபம் போவது மட்டுமில்லை, சென் சரக்குக்குப் போட்ட முதலும் பெரிதாக அடிவாங்கும்.

"அண்ணே, விளையாடாதீக."

"நான் எங்கய்யா விளையாடுறேன்? அளவு கிடையாதுன்னு நீதானே சொன்னே? சம்சா வேற தின்னுக்கிட்டே சொன்னே."

சுஜந்தன் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "கேட்டுட்டான் தம்பி, கடையை," என்றார்.

சென் என்னவென்று கேட்டார். அம்மையப்பன் கடைகளில் பேசுகிற அரைகுறை இந்தியில் விவரத்தைச் சொன்னார். சென்னின் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. அன்பரசனைக் கைகாட்டி, "ஃபர்ஸ்ட் கஸ்டமர்?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றார் அண்ணன். லியாங் சீனத்தில் வேகமாக ஏதோ சொன்னான். சென் கையைத் தூக்கி அவனை நிறுத்தினார்.

பிறகு அம்மையப்பனைப் பார்த்து, "தும் போலோ," என்றார். நீ சொல்.

சென் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. போணி அம்மையப்பன் கொண்டுவந்தது, அதனால் அதைப் பற்றிச் சொல்ல வேண்டியவர் அவர்தான், அவ்வளவுதான். ஆனால் கொடுத்தால் கொடுத்தவர் அம்மையப்பன், மறுத்தால் இத்தனை வருஷப் போணியை முறித்தவரும் அம்மையப்பன். இரண்டில் எது நடந்தாலும் கடை லியாங்குக்கு. அங்கே நின்ற எல்லோருக்கும் அது தெரிந்தது. அஹ்சனைத் தவிர.

"ஜல்தி கரோ பாய்," என்று அவசரப்படுத்தினார் அஹ்சன். அவருக்குத் தன் கடையைத் திறக்க வேண்டும்.

அம்மையப்பன் அவசரப்படவில்லை. படத்துக்குக் காட்டினார், சிவப்புத் தாளுக்குக் காட்டினார், கல்லாவைச் சுற்றிக் காட்டினார், ஊதுபத்தியை அதன் இடத்தில் செருகினார். கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"குடுத்துருவோம்ணே. நீங்க சொன்ன வெலைதான். காசை எடுங்க."

"பில்லைப் போடு. வழக்கம்போல முப்பது நாள்."

"போணிக்குக் கடன் கெடையாதுண்ணே."

"யோவ், இது எப்பலேர்ந்து?"

"உங்க பட்டுக்கோட்டையில போணியைக் கடனுக்குக் குடுப்பாகளா? நீங்களே சொல்லுங்க."

அன்பரசன் சாமி படத்தைப் பார்த்தார். ஊதுபத்திப் புகை அவருக்கும் படத்துக்கும் நடுவில் போய்க்கொண்டிருந்தது. பிறகு பர்ஸிலிருந்து கார்டை எடுத்தார்.

"சரி, இதுல போட்டுக்க."

"இதை எப்படிண்ணே கண்ணுல ஒத்திக்கிறது?"

சுஜந்தன் திரும்பி நின்று ஒரு லேஸ் ரோலை வீணாகச் சுற்றத் தொடங்கினார். தோள் குலுங்கியது.

"ஏடிஎம் அங்கனதானே இருக்கு? எடுத்துட்டு வர்றேன்."

"தாராளமா எடுத்துட்டு வாங்க. ஆனா நீங்க படி எறங்கினா அஹ்சன் பாய்தான் போணி. நீங்க வரும்போது ரெண்டாவது ஆளு."

அஹ்சனுக்குத் தமிழ் தெரியாது. தன் பெயர் காதில் விழுந்ததும் ஓர் அடி முன்னால் வந்தார்.

அன்பரசன் அவரைப் பார்த்தார், சென்னைப் பார்த்தார், கடைசியில் அம்மையப்பனைப் பார்த்தார். சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. பர்ஸைக் கவிழ்த்துக் கல்லாமேல் கொட்டினார். கொஞ்சம் திர்ஹம், கொஞ்சம் குவைத் தினார்.

"தினார் ஆகுமா, இல்லை அதுக்கும் ஒரு சட்டம் வச்சிருக்கியா?"

"சாமிக்கு எல்லாத் துட்டும் ஒண்ணுதாண்ணே."

அந்தப் பணத்துக்குப் பாதி விலையில் எவ்வளவு வருமோ அவ்வளவு கல் லேஸைக் கடை அலமாரியிலிருந்தே எடுத்துக் கொடுத்தார். ஒரு பைக்குள் அடங்கிவிட்டது. நோட்டுகளைக் கண்ணில் ஒற்றி சென்னிடம் நீட்டினார். சென் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஒற்றிக்கொண்டார். அஹ்சன் வந்து இரண்டு ரோல் லைனிங் வாங்கிப் போனார். அதன் பிறகு அன்பரசன் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அப்பாசியா கடைகளுக்கு வேண்டிய சரக்கை வழக்கமான விலையில், வழக்கமான தவணையில் எடுத்தார். எடுக்காமல் போக முடியுமா? அவருக்கும் சீசன்தானே.

போகும்போது, "நீ இந்தக் கடையை வாங்கிடுய்யா, அடுத்த வருஷம் நான் நேரா தேராவுக்கே போயிடறேன்," என்று அம்மையப்பனின் தோளில் தட்டிவிட்டுப் போனார்.

நாங்கள் எல்லாம் முடிந்தது என்று நினைத்தோம். சென் எழுந்து போகவில்லை. அன்று காலை ஷார்ஜாவுக்குக் கிளம்ப வேண்டியவர் நாற்காலியிலேயே இருந்தார். கூட்டம் குறைந்ததும் அம்மையப்பனை அழைத்தார்.

"கடன் போணி கிடையாதா?" அவர் பேசியது கடை இந்தி. நான் இங்கே தமிழில் எழுதுகிறேன்.

"கெடையாது முதலாளி."

"இங்கே கொடுத்திருக்கிறோம். டெய்லர்கள் காலையில் போணி விலைக்கு எடுப்பார்கள், வெள்ளிக்கிழமை காசு தருவார்கள். எத்தனையோ வருஷம்."

"குடுத்தோம்."

"பெரிய சரக்குக்கும் போணி கிடையாதா?"

"ஊர்ல யாரும் பெரிய சரக்கைப் போணியாக் கேக்க மாட்டாக. கேட்டாச் சிரிப்பாக."

"நீ எனக்குச் சொல்லவில்லை."

அம்மையப்பன் ஒரு லேஸ் ரோலை அலமாரியில் எடுத்து வைத்தார்.

"நீங்க கேக்கலை முதலாளி," என்றார்.

சென் தலையை ஆட்டிவிட்டுக் கார் சாவியை எடுத்துக்கொண்டு போனார். அந்த ஆட்டலுக்கு என்ன அர்த்தம் என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை. காலையில் வந்து நிற்கும் டெய்லர்களில் பாதிப் பேர் அம்மையப்பனோடு ரூமில் இருந்தவர்கள், அல்லது அவருக்கு வேண்டியவர்கள். அது சென்னுக்கும் தெரியும்; அவர்களுக்காகத்தான் அண்ணன் இதைச் சொல்லாமல் விட்டார் என்று அவர் நினைத்திருக்கலாம்.

"அண்ணை, லேசைக் காப்பாத்திப்போட்டுக் கடையைக் குடுத்திட்டியள்," என்றார் சுஜந்தன்.

"போகட்டும்யா," என்றார் அம்மையப்பன். ஆனால் அன்று மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை.

அதன் பிறகு சென் காலையில் வருவதும் போவதும் வழக்கம்போல இருந்தது. கடையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. லியாங் கடையின் நீள அகலத்தை அளந்து போனில் குறித்துக்கொண்டான். நாகவள்ளி அண்ணி போனில் கேட்பது பக்கத்தில் இருந்த எனக்கே கேட்கும். "கடை என்னாச்சு? பாஸ்போர்ட்டு எடுக்கவா வேண்டாமா?" அண்ணன், "எடுத்து வையி, பாக்கலாம்," என்பார். ஒரு நாள், "இப்ப எடுக்க வேண்டாம்," என்றார்.

சீனப் புத்தாண்டு விடுமுறை முடிந்து, எங்களை ஷார்ஜா கோடவுனுக்கு வரச் சொன்னார் சென். எல்லோருக்கும் சிவப்புக் கவர் கொடுத்தார். லியாங்கைக் காட்டி, கோடவுனை இனி இவன் பார்ப்பான் என்றார். பிறகு அம்மையப்பன் பக்கம் திரும்பினார்.

"சத்வா கடை உன் பேரில். லைசன்ஸை மாற்றிக்கொள்."

சுஜந்தன் பின்னாலிருந்து அம்மையப்பனைத் தள்ளினார். அண்ணன் இரண்டு கையையும் கூப்பினார்.

"நான் கேட்கவில்லை என்று சொன்னாய்," என்றார் சென். "யோசித்துப் பார்த்தேன். உண்மைதான், கேட்கவில்லை."

அதற்கு மேல் அவர் காரணம் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. பிறகு விவரத்துக்கு வந்தார். வாடகை அம்மையப்பன் பொறுப்பு. அலமாரி அம்மையப்பனுடையது, அதில் இருக்கும் சரக்கு சென்னுடையது, அதை லியாங் நாளைக்கு வண்டி அனுப்பி எடுத்துக்கொள்வான். புதுச் சரக்கு இந்தக் கோடவுனிலிருந்துதான் எடுக்க வேண்டும், வேறு யாரிடமும் கூடாது.

"எடுக்கேன் முதலாளி. மாசக் கடைசியில கணக்குப் பாத்து..."

"கடன் மாஃபி."

"முதலாளி?"

"நீதான் சொன்னாய். கடன் கிடையாது. கையில் என்ன இருக்கிறதோ அதற்குச் சரக்கு. கலாஸ், அவ்வளவுதான்."

இத்தனை வருஷ வேலைக்கு அம்மையப்பனுக்குக் கிடைத்த செட்டில்மென்ட் பணம் முழுவதும் லைசன்ஸுக்கும் வாடகை முன்பணத்துக்கும் போனது. ரூமில் ஆளுக்குக் கொஞ்சம் போட்டார்கள், சுஜந்தனும் நானும் போட்டோம். சுஜந்தன் அண்ணனோடேயே சத்வாவில் இருந்துகொள்வதாகச் சொல்லிவிட்டார். "சம்பளம் தருவியளோ?" என்று கேட்டார். "மொதல்ல அலமாரியில ஒரு பொத்தானாவது வரட்டும்யா," என்றார் அண்ணன். கடை துடைத்துவிட்ட மாதிரி காலியாக இருந்தது. சாமி படமும் சிவப்புத் தாளும் மட்டும் இருந்தன. தாளை எடுக்க லியாங் மறந்துவிட்டானா, வேண்டுமென்றே விட்டானா, தெரியவில்லை.

நான் சென்னிடம்தான் இருக்கிறேன், கோடவுனில். அதனால் இனி வருவது என் கண்ணால் பார்த்தது.

லைசன்ஸ் கைக்கு வந்த மறுநாள் காலை, கோடவுன் கதவைத் திறக்க நான் சென்னோடு போனேன். அம்மையப்பன் அதற்கு முன்பே வந்து கதவோரம் நின்றிருந்தார். காலடியில் ஒரு டிராலிப் பெட்டி. கதவு திறந்ததும் உள்ளே வந்தார்.

"போணி ஆச்சா முதலாளி?"

சென் அவரைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். "நஹி," என்றார்.

"அப்ப நாந்தான் போணி."

பனியன் பையிலிருந்து பணத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். ஜிப், பொத்தான், எலாஸ்டிக், கல் லேஸ் என்று வரிசையாகச் சொன்னார். விலையையும் அவரே சொன்னார். பாதி விலை. கைமேல் காசு, சின்னச் சரக்கு, முதல் ஆள். ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியாது. லியாங் சித்தப்பாவைப் பார்த்தான். சென் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், நோட்டுகளை எடுத்துக் கண்ணில் ஒற்றினார். என்னைப் பார்த்து, பில் போடு என்று கையைக் காட்டினார்.

பெட்டி நிறைந்தது. சத்வா கடையில் அன்றைக்கு ஒரு தட்டு நிரம்பியது, மத்தியானத்துக்குள் விற்றும் போயிற்று என்று சுஜந்தன் போனில் சொன்னார். "தம்பி, இந்த மனுசன் அவரிட்டயே படிச்சு அவருக்கே பரீட்சை வைக்குது," என்றார்.

அடுத்த நாள் காலையும் அம்மையப்பன் பெட்டியோடு வந்தார். ஆனால் அன்று அவருக்கு முன்னால் மேசைக்கு எதிரே லியாங் நின்றுகொண்டிருந்தான், கையில் ஒரு பத்து திர்ஹம் நோட்டு. ஓர் ஊசிப் பாக்கெட் வேண்டும் என்று சித்தப்பாவிடம் ஆங்கிலத்தில் கேட்டான். கேட்கும்போது அவனுக்கே சிரிப்பு வந்தது. சென் முகத்தில் ஒன்றும் இல்லை. நோட்டை வாங்கக் கையை நீட்டினார்.

"முதலாளி," என்றார் அம்மையப்பன். "வீட்டு ஆளு போணி செல்லாது."

சென்னின் கை நின்றது.

"இந்த ரூல் எப்போது வந்தது?"

"எப்பவும் உள்ளதுதான். நீங்க கேக்கலை."

பத்து வருஷத்துக்கு மேல் அவரிடம் இருக்கிறேன், சென் சத்தமாகச் சிரித்து அன்றுதான் கேட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, லியாங்கை உள்ளே போகச் சொன்னார். லியாங் நோட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனான்.

"வேறு என்னென்ன ரூல் இருக்கிறது? எல்லாவற்றையும் இப்போதே சொல்," என்றார் சென்.

"இருக்கு முதலாளி. ஒவ்வொண்ணா வரும்," என்று அம்மையப்பன் பெட்டியைத் திறந்து மேசைமேல் வைத்தார். "மொதல்ல போணியைப் பாருங்க."

விலையைச் சொன்னார். நான் பில்லை எழுதினேன்.